பக்கவாட்டில் ஜிப்

பணமாற்று நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால்
நான் ஒரு மார்பளவுப் படம்.
அதனால் ஐந்தாம் மாதம் வரை
ருவியில் யாருக்கும் தெரியாது.
கவுண்டருக்குக் கீழே
பேன்ட் பொத்தான் எட்டாமல்
ரப்பர் பேண்டில் நின்றுகொண்டிருந்தது,
நோட்டுக்கட்டுக்குப் போடும் அதே ரப்பர் பேண்ட்.

ஆறாம் மாதம் மேலாளர் சொன்னார்:
யூனிஃபார்ம் வேண்டாம்,
அடர்ந்த நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்,
பார்க்க நன்றாக இருந்தால் சரி.

மாலில் அந்த ஏதாவது பதினெட்டு ரியால்.
பொம்மைக்கு வயிற்றில் மட்டும் பஞ்சு கட்டியிருந்தார்கள்.
மற்றபடி அவளுக்குக் கணுக்கால் வீங்கவில்லை,
கழுத்து கறுக்கவில்லை.
பதினெட்டை ரூபாயாக்க எனக்குத் திரை பார்க்க வேண்டாம்.
மாமியாரின் இன்சுலின்,
மிச்சத்தில் கேஸ் சிலிண்டர்.
மூன்று மாதம் போடப்போகும் துணிக்கு.

என் சட்டையைப் போட்டுக்கோ என்றான் செல்வின்.
போட்டேன்.
கண்ணாடியில் நின்றது
தின்று கொழுத்த செல்வின்.

கடைத்தெருவில் நைட்டி ஒன்றரை ரியால்.
பூப்போட்டது, கட்டம் போட்டது,
பத்து மாதத்தையும் வாய்பேசாமல் விழுங்கிக்கொள்ளும்.
ஆனால் நைட்டியில் உட்கார்ந்துகொண்டு
ஒருவன் சம்பளத்தை அவன் ஊருக்கு அனுப்ப முடியாது.

கடைக்காரன் கேட்டான், என்ன மாதிரி வேண்டும்?
தளர்வாக என்றேன்.
விலை குறைவாக என்றேன்.
அழகாக என்ற சொல் நாக்கு வரை வந்து
திரும்பிப் போய்விட்டது.
வயிற்றுக்காரிக்கு எதற்கு என்று
யாரும் கேட்கவில்லை.
நானேதான் கேட்டுக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஏற்றுமதியில் கழிந்த துணி விற்கும் கடை.
குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டபோது
கரும்பச்சையாக ஒன்று கையோடு வந்தது.
நாலரை ரியால்.
மார்புக்குக் கீழே ஒரு மடிப்பு,
அங்கிருந்து தானாக இறங்கியது,
வயிற்றை மறைக்கவும் இல்லை
சுட்டிக்காட்டவும் இல்லை.
திரைச்சீலைக்குள் கொஞ்ச நேரம்
பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றேன்.
வெளியே யாரோ இருமினார்கள்.

விலாவில் இரண்டு பக்கமும் ஜிப்.
பாக்கெட் என்று நினைத்து
மறுநாள் சில்லறையைப் போட்டேன்.
அது வயிற்றின் மேல் சில்லென்று உருண்டு
காலடியில் கலகலத்தது.
ரசீதுக்கு நின்ற ஆள் எட்டிப் பார்த்தான்.
கழித்த சரக்கென்றால்
ஏதாவது கோளாறு இருக்கத்தானே செய்யும்.

பிள்ளை பிறந்து இரண்டு மாதம்.
பழைய துணி எதுவும் தோளைத் தாண்டி இறங்கவில்லை.
தடுப்பூசிக்கு அதே கரும்பச்சையில் போனேன்.
லிஃப்டில் ஒரு அம்மாள் வயிற்றைப் பார்த்து
எத்தனை மாதம் என்றாள்.
செல்வின் தோளில் கிடந்ததைக் காட்டி
இது வெளியே வந்தே இரண்டு மாதம் என்றேன்.
அவள் நான்காம் மாடியில் இறங்க வேண்டியவள்,
இரண்டிலேயே இறங்கிக்கொண்டாள்.

ஊசி போட்டதும் அலறல்.
நாற்காலி முழுக்க ஆட்கள்.
துப்பட்டாவுக்குள் குனிந்து
கழுத்துப் பக்கம் வழி தேடித் தேடி
வியர்த்துப்போன கை
தற்செயலாக விலாவில் தட்டியது.
இழுத்தேன்.
பால் இருக்கும் இடத்துக்கு
நேராகத் திறந்தது.

அலறல் நின்றபின்
ஜிப்பின் தையலைத் தடவிக்கொண்டே இருந்தேன்.
எந்த ஊர்த் தொழிற்சாலையிலோ
மார்பு கட்டி வலித்த ஷிப்ட்டில்
யாரோ ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது.
அல்லது ஆண்தானோ என்னவோ.
யாராயிருந்தால் என்ன,
நான்தான் அதில் சில்லறை போட்டேன்.

இப்போது மூன்றாம் கவுண்டரில் மாரிசெல்
இரண்டு நாளாக எலுமிச்சையை முகர்கிறாள்.
நேற்று என் கைத்துணியைத் தொட்டுப் பார்த்து
இனி உனக்கு இது வேண்டாம்தானே என்றாள்.

கடைக்கு வழி சொன்னேன்.
பஸ் நிலையம், பின்பக்கம், குவியலின் அடியில் தேடு.
ஜிப்பில் சில்லறை போடாதே.

இதைத் தர மாட்டேன்.
இது எனக்கு அழகாக இருக்கிறது.